கடைச் சிப்பந்திகளும் நாமும்

உளுந்து வாங்கும்போது ஒரு கை அள்ளி, கல் உண்டா, வண்டு உண்டா என்று பார்த்துத்தான் மூட்டையை இறக்குகிறோம். ஆள் எடுக்கும்போது மட்டும் "நம்ம ஊர்ப் பையன்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எது அவன் வேலை, எத்தனை நாள் விடுப்பு, எப்போது சம்பள உயர்வு என்று நாமும் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை.

என் கடையில் பதினோரு வருடம் இருந்த ஒருவர், பருப்பைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்லுவார். தை மாதம், புதுத் துவரை வரத்து நேரம். தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் கேட்டார். இரண்டு நாள்தான் என்றேன். போனவர் திரும்பவில்லை, வேறொரு பெரிய அங்காடியில் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஈரத் துவரை ஒரு லோடை நல்ல சரக்கென்று இறக்கினார். கிட்டங்கியில் பூசணம் பூத்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ஐ அதற்குப் பிறகுதான் படித்தேன். தொடர்ந்து ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. அதுபோகத் தற்செயல் விடுப்பு 12 நாள், நோய்க்கு 12 நாள். அவருடைய பாத்தியதையைத்தான் நான் சலுகை என்று நினைத்துப் பேரம் பேசியிருக்கிறேன்!

சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் இதே சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தபோதும் நம்மில் பலர் முணுமுணுத்தோம். (கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது.) ஸ்டூல் போட்ட பிறகு என் கடையில் சாயங்கால எடைத் தவறுகள் குறைந்தன என்பதே என் அனுபவம்.

தொழில் கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான் என்ற பயம் எனக்கும் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கப்பிள்ளை ஒருவருக்குத்தான் பில் போடத் தெரியும். அவருக்குக் காய்ச்சல் என்றால் லாரி வாசலில் நிற்கும். பிறகு இரண்டு பையன்களைப் பழக்கினேன். தேறியதும் சம்பளத்தையும் கூட்டினேன். அதைக் கூட்டாமல் பழக்கினால் அடுத்த கடைக்குத்தான் ஆள் தயார் செய்கிறோம். ஒருவர் போய்விட்டார், மறைக்கவில்லை. மற்றவர் இன்றும் கல்லாவில் இருக்கிறார்.

இப்போது ஆளுக்கொரு பக்கமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சேர்ந்த தேதி, எடுத்த விடுப்பு, பாக்கி விடுப்பு, கற்றுக்கொண்ட வேலை, அடுத்த உயர்வு எந்த மாதம், எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் அவரவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். மூட்டை இறக்கும் ஒருவர் வைகாசியில் மகள் கல்யாணம் என்று மாசியிலேயே எழுதி வைத்துவிட்டார். அந்த வாரத்துக்கு மாற்று ஆளும் பேசியாகிவிட்டது.