குறியும் கோளும் – ஊக்கம் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தம் குறிக்கோளை எழுதி வைக்கும் மாணவர் பலர். ஆண்டின் இறுதியில் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போர் சிலரே. முதல் வகுப்பில் தேறுதல், ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுதல், போட்டித் தேர்வில் வெல்லுதல் என எழுதும்பொழுது உள்ளத்தில் பொங்கிய உணர்வு, முதற்பருவத் தேர்வு வருமுன்னரே வடிந்துவிடுகின்றது. இதனைச் 'சோம்பல்' என்னும் ஒரு சொல்லால் பெரியோர் குறித்துவிடுவர். நாளடைவில் மாணவரும் தம்மைப் பற்றி அவ்வாறே எண்ணத் தலைப்படுகின்றனர்.

'எனக்கு ஊக்கம் இல்லை' என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு, இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டு நின்றுவிடுவோரும் உளர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒருவர் அவ்வாறு நிற்பின், அவ்விழப்பு அவர் ஒருவரோடு முடிவதில்லை. பின்வரும் தம்பி தங்கையரின் வழியும் அதனால் அடைபடுகின்றது. ஆதலின், ஊக்கம் என்பது சிலர்க்கு மட்டும் பிறப்பில் வாய்க்கும் பொருளா, அன்றி யாவரும் முயன்று பெறத்தக்கதா என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று. இதனைத் தமிழ்ச் சொல்வழக்கு, வள்ளுவர் வகுத்த அதிகார அடைவு, இக்கால உளவியல் ஆய்வு, தமிழறிஞர் ஒருவரின் வாழ்வு ஆகிய நான்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் உணர்த்தும் உண்மை

'குறிக்கோள்' என்பது குறி, கோள் என்னும் இரு சொற்களால் ஆயது. குறி என்பது நாம் நோக்கும் இலக்கு. கோள் என்பது 'கொள்' என்னும் வினையடி நீண்டு அமைந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர்; கொள்ளுதல் என்பது அதன் பொருள். எனவே, இலக்கை நோக்குதல் மட்டும் குறிக்கோள் ஆகாது. அதனைக் கைக்கொள்ளுதலும் சேர்ந்தே குறிக்கோள் ஆகும். நம்முள் பலர்க்குக் குறி உண்டு, கோள் இல்லை. குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதப்படுவது குறி. இரண்டாம் பக்கம் முதல் நிகழ வேண்டுவது கோள்.

இனி, 'ஊக்கம்' என்னும் சொல்லை நோக்குவோம். ஊசலைத் தள்ளி ஆட்டுதலை 'ஊக்குதல்' என்று வழங்குவது பழந்தமிழ் மரபு. ஊசலை ஒருமுறை தள்ளிவிட்டு அகன்றால், அது சிறிது நேரம் ஆடிப் பின்னர் நின்றுவிடும். அவ்வாறு நிற்பது ஊசலின் குற்றம் அன்று, அதன் இயல்பு. உரிய நேரத்தில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பின், சிறு விசையும் அதனை உயரச் செலுத்தும். உள்ளத்தின் ஊக்கமும் இத்தகையதே. தொடக்க நாளின் எழுச்சி ஆண்டு முழுவதும் தானே நீடிக்கும் என்று எதிர்பார்ப்பதும், நீடிக்காதபோது நம்மையே பழித்துக்கொள்வதும் பொருந்தா. மீண்டும் மீண்டும் ஊக்குவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்வதே வேண்டுவதாகும்.

அதிகார அடைவு காட்டும் நெறி

திருக்குறளின் பொருட்பாலில் அரசியலின் இறுதியில் நிற்கும் நான்கு அதிகாரங்கள் ஊக்கம் உடைமை (60), மடி இன்மை (61), ஆள்வினை உடைமை (62), இடுக்கண் அழியாமை (63) என்பன. இவ்வடைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதலில் உள்ளத்தின் எழுச்சி. அடுத்து அதனை அரிக்கும் சோம்பலை நீக்குதல். அதற்கடுத்து இடைவிடா முயற்சி. இறுதியில் இடையூறு நேர்ந்தவிடத்துத் தளராமை. ஊக்கம் ஒன்றே போதும் எனின், ஏனைய மூன்று அதிகாரங்களுக்கு இடமில்லை. எழுச்சிக்குப் பின்னரும் மூன்று படிகள் உள்ளன என்பதை அடைவே அறிவுறுத்துகின்றது.

அமைச்சியலில் வினைத்திட்பமும் (67), வினைசெயல்வகையும் (68) அடுத்தடுத்து நிற்கின்றன. செய்து முடிப்பேன் என்னும் உறுதி முன்னது; எவ்வாறு செய்வது என்னும் முறை பின்னது. காலம், இடம், கருவி முதலியவற்றை முன்னரே எண்ணித் தெளிவதனை வினைசெயல்வகை வற்புறுத்துகின்றது. உறுதி இருந்தும் முறை இன்மையால் வீழ்ந்த முயற்சிகளே நம்மிடையே மிகுதி எனலாம்.

உளவியலார் கண்டவை

குறிக்கோள் பற்றிய இக்கால ஆய்வுகளுள் எட்வின் லாக் என்னும் அமெரிக்க உளவியலாரின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், 1990இல் கேரி லேதமுடன் இணைந்து எழுதிய நூலும் வலியுறுத்தும் கருத்து ஒன்றே: 'இயன்றவரை செய்' என்னும் பொதுவான ஏவலைக் காட்டிலும், தெளிவாக வரையறுக்கப்பட்டதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே மிக்க பயன் தருகின்றது. 'நன்றாகப் படிப்பேன்' என்பது இலக்கு அன்று, விருப்பம். 'நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் உரையுடன் பயில்வேன்' என்பது இலக்கு. பின்னதன்வழி 133 நாள்களில் திருக்குறள் முழுவதும் பயின்றவராவோம். அஃது ஐந்து மாதத்திற்கும் குறைந்த காலமே.

பெரிய இலக்கைச் சிறு இலக்குகளாகப் பகுப்பதன் பயனை ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்கும் 1981இல் ஆராய்ந்தனர். கழித்தல் கணக்கில் பின்தங்கியும், அதில் நாட்டம் இன்றியும் இருந்த சிறுவர்க்கு 42 பக்கப் பயிற்சி தரப்பட்டது. ஒரு சாரார்க்கு அமர்வு ஒன்றுக்கு ஆறு பக்கம் என்றும், மற்றொரு சாரார்க்கு ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கம் என்றும் இலக்கு உணர்த்தப்பட்டது. வேலை ஒன்றே, பகுப்பு மட்டுமே வேறு. ஆறு பக்க இலக்குடையோர் திறத்தில் மிக்கு விளங்கினர். அதனினும் வியப்புக்குரியது, கணக்கின்பால் அவர்க்கு விருப்பமும் தோன்றியமையே. 'விருப்பம் வந்தால் செய்வேன்' என்று நாம் காத்திருக்கின்றோம். சிறுசிறு வெற்றிகளே விருப்பத்தை ஈனும் என்பதை இவ்வாய்வு புலப்படுத்துகின்றது.

பீட்டர் கோல்விட்சர் என்னும் செருமானிய உளவியலார் காலமும் இடமும் குறித்துக்கொள்வதன் ஆற்றலை விளக்கினார். விடுமுறையின்போது ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர் பணிக்கப்பட்டனர். எப்பொழுது, எங்கே அமர்ந்து எழுதுவது என்பதனை முன்னரே தீர்மானித்தோருள் மூன்றில் இரு பங்கிற்கும் மேற்பட்டோர் உரிய காலத்தில் முடித்தனர். அவ்வாறு தீர்மானியாதோருள் மூன்றில் ஒரு பங்கினரளவே முடித்தனர். 1997இல் வெளியான இம்முடிவு, வினைசெயல்வகை என்னும் அதிகாரத் தலைப்புக்கு எழுதிய உரைபோல் அமைந்துள்ளது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி முதலியோர் 96 பேரிடம் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் பழக்கமாகப் படிதற்கு எத்துணை நாள் ஆகும் என்பதனை ஆராய்ந்தது. 18 நாள் முதல் 254 நாள் வரை அது வேறுபட்டது. இடைநிலை அளவு 66 நாள். ஒருநாள் தவறியமையால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதன் முடிவு. ஒருநாள் தவறியதும் 'எல்லாம் போயிற்று' என்று கைவிடும் மாணவர் இதனை உள்ளத்திற் பதித்தல் வேண்டும்.

வாழ்வில் ஒரு சான்று

இக்கருத்துகளை ஒருசேரக் காட்டும் வாழ்வு மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையருடையது. 1855இல் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தைந்து. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் எனப் பயின்றவை பல. நிலையான ஊதியம் உண்டு. மாணவரிடத்து மதிப்பும் உண்டு. அந்நிலையிலேயே வாழ்வை நிறைவாகக் கழித்திருக்கலாம். மேலும் முயலுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் திங்களில், அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களின் பெயரை ஐயர் அடுக்கியபோது முதலியார் வியப்புறவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்றே வினவினார். ஐயரிடம் அதற்கு விடை இல்லை. பின்னர் முதலியார் தந்த சிந்தாமணிப் படியைப் பிரித்தபொழுது, பொருள் எளிதில் புலப்படவில்லை. கற்றவர் என்னும் பெயர்க்கு அஃதோர் அறைகூவல். அன்று தோன்றியது உள்ளத்து உறுத்தல். அதனை ஊக்கம் எனல் சாலாது. உறுத்தல் உற்றோர் பலர் அதனை மறக்கவே முயல்வர். ஐயரோ அதனைப் படிப்பாக மாற்றினார்.

சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3,145 செய்யுட்களும் உடையது. ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். மூலம் எது, உரை எது என்பதும் விளங்காது. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாகக் காட்டும் அடிகள் எந்நூலுக்கு உரியவை என்பதனை அறிய வேறு பல நூல்களைத் தேட நேர்ந்தது. சமண சமயக் கொள்கைகளில் ஐயம் எழுந்தபொழுது, அவ்வூர்ச் சமண அன்பர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். முழுநூலையும் ஒருங்கே நோக்கியிருப்பின் மலைத்திருப்பார். இன்று இச்செய்யுள், நாளை அடுத்தது, இச்சொல் வேறெங்கு வந்துள்ளது என்று சிறுசிறு பணிகளாகவே அவர் உழைப்பு நடந்தது. கல்லூரி வேலை நாள்களில் கற்பித்தார். எஞ்சிய பொழுதெல்லாம் ஏடுகளை ஒப்பிட்டார்.

ஈண்டு நாம் கருதத்தக்கது அவர்தம் குறிக்கோள் வளர்ந்த முறையாகும். தொடக்கத்தில் அது பொருள் உணர்தல் அளவினதே. உணர உணரச் சுவை பிறந்தது. சுவை பிறந்தபின், இந்நூலைப் பிறரும் பெற வேண்டும் என்னும் கடமை தோன்றியது. அச்சுச் செலவிற்குப் பொருள் இன்றி, முன்பணம் அளிப்போரிடம் கையொப்பம் பெற்று, 1887இல் நூலை வெளியிட்டார். உறுத்தல் ஆர்வமாயிற்று, ஆர்வம் கடமையாயிற்று. ஊக்கம் வினைக்கு முன் முழுமையாக வந்து நிற்கவில்லை; வினையோடு சேர்ந்தே வளர்ந்தது.

நூல் வெளிவந்தபின் பாராட்டோடு கண்டனங்களும் எழுந்தன. அவற்றிற்கு விடை எழுதுவதில் பொழுதைச் செலவிடாது, அவர் அடுத்த நூலுக்குச் சென்றார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்த 1937இல் அவர்க்கு அகவை எண்பத்திரண்டு. இடுக்கண் அழியாமைக்கு இதனினும் சிறந்த உரை வேறென்ன வேண்டும்?

நமக்குரிய பாடம்

இவற்றால் மாணவர் கைக்கொள்ளத்தக்கன சில. முதலாவது, குறிக்கோள் நம்முடையதாக இருத்தல் வேண்டும். உறவினர் புகழ்வர் என்பதற்காகவோ, தோழர் சேர்ந்தனர் என்பதற்காகவோ கொண்ட இலக்கு முதல் இடையூற்றிலேயே உதிர்ந்துவிடும். பரிசுக்காக மட்டும் செய்வதும் அத்தகையதே. புதிரை விடுவிப்பதற்குப் பணம் பெற்ற மாணவர், பணம் நின்றபின் அதன்பால் நாட்டம் குன்றினர் என எட்வர்டு டெசி 1971இல் காட்டினார். முதலியாரின் வினா வெளியிலிருந்து வந்தது; ஆயினும் அதனை ஐயர் தம் வினாவாக ஆக்கிக்கொண்டார். பெற்றோர் காட்டிய வழியையும் ஆராய்ந்து உளமார ஏற்பின், அது நம் வழியே ஆகும்.

இரண்டாவது, இலக்கை எண்ணாலும் நாளாலும் வரையறுத்தல் வேண்டும். மூன்றாவது, இடமும் நேரமும் குறித்தல் வேண்டும். மாலையில் கடையில் தந்தைக்குத் துணைநிற்கும் மாணவரும், வீட்டுப் பணிகளைத் தலைமேற்கொண்ட மாணவியும் 'நேரம் கிடைக்கும்போது' என்று காத்திருப்பின் நேரம் கிடைக்கப் போவதில்லை. விடியலில் அரைமணி என்று குறித்துக்கொள்வோர்க்கு அவ்வரைமணி அவர்தம் உடைமையாகும். நான்காவது, தவறிய நாளுக்காகக் கலங்காது மறுநாள் தொடர்தல் வேண்டும். ஐந்தாவது, முன்னேற்றத்தைக் கேட்டறியும் ஆசிரியரோ நண்பரோ ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல் வேண்டும். ஊசல் தளரும்பொழுது தள்ளிவிடும் கை அதுவே.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பின்தங்கிய மாணவரை 'ஊக்கமில்லாதவர்' என்று ஒதுக்குவது எளிது. அவர் நாளை முடிக்கத்தக்க ஆறு பக்கத்தைக் காட்டிக்கொடுத்து, முடித்தபின் கேட்டறிவதே ஆசிரியப் பணியாகும்.

முடிவுரை

ஊக்கம் சிலர்க்கே உரிய பிறவிப்பேறு அன்று. வினையிலிருந்து பிறந்து வினையை வளர்ப்பது. எழுச்சி வரும்வரை காத்திருப்போர் காத்துக்கொண்டே இருப்பர். சிறிதாயினும் தொடங்குவோர் அதனை வழியிடையே பெறுவர். குறியை எழுதிய கையே கோளையும் செய்தல் வேண்டும். குறிப்பேட்டின் முதற்பக்கத்தை எழுதி முடித்த மாணவர் அத்துடன் மூடிவிடாது, இரண்டாம் பக்கத்தில் நாளை விடியலில் செய்யவிருப்பதனை ஒரே வரியில் எழுதுவாராக. அவ்வொரு வரியே தொடக்கத்திற்குப் போதும்.