உயிலை நாமே எழுதலாமா, நொத்தாரிசிடம் போவதா?

"உயில் எழுத நொத்தாரிசுக்குக் காசு கொடுக்கத்தான் வேணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. ஆனால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சிகள் போதும். அவர் இல்லாவிட்டால் ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கூடியிருந்து, நீங்கள் கையெழுத்து வைப்பதைப் பார்த்து, உங்கள் முன்னாலேயே தாங்களும் வைக்க வேண்டும். காலையில் லயத்தில் இரண்டு பேர், பிறகு பிரட்டுக்களத்தில் மூன்று பேர் என்று வாங்கினால் அந்தக் கடதாசி செல்லாது. சொத்து கிடைக்கப்போகிற மகனையோ மருமகளையோ சாட்சியாக்காதீர்கள்.

உயிலே இல்லாவிட்டால், மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அது போதுமென்றால் உயில் தேவையே இல்லை. பதிவு செய்யாத கலியாணம், இரண்டாம் தாரம், எடுத்து வளர்த்த பிள்ளை, உறுதி உள்ள காணி என்றால் செலவைப் பார்க்காமல் நொத்தாரிசிடமே போங்கள். எழுதியதைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

லயக் காம்பிரா தோட்டத்துடையது, அதை எழுதிவைக்க முடியாது. சேமலாப நிதிக்கு, நமக்குப் பிறகு காசு எடுப்பவர் பெயரைத் தனிப் படிவத்தில் கொடுக்கிறோம். கலியாணத்துக்கு முன்னே அம்மா பேரைக் கொடுத்தவர்கள் அதை இப்போதே பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர் என்பது நம்மிடம் சாதாரணம். அப்படியானால் உயிலில் இரண்டு பேரையும் அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.