வட்டில் உறங்கும் படமும் வீட்டுத் திரையும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"ஏம்ப்பா தம்பி, உங்க சின்னம்மா கல்யாணப் படத்தை ஒரு தடவை போட்டுக் காட்டேன். தாத்தாவைப் பார்க்கணும்."

சென்ற கோடை விடுமுறையில் பாட்டி கேட்ட இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. திருமணம் நடந்தது 2007இல். தாத்தா மறைந்தது 2009இல். அவர் நடமாடுவதும் பேசுவதும் பதிவாகியிருப்பது அத்திருமணத்தின் டி.வி.டி. வட்டுகள் இரண்டில் மட்டுமே. வட்டுகள் பீரோவில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஓட்டும் கருவிதான் இல்லை. பிளேயர் பழுதாகிப் பழைய சாமான் கடைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டிலிருக்கும் மடிக்கணினிக்கோ வட்டைச் செருகும் வாயே கிடையாது.

நண்பரிடமிருந்து வட்டு டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, படத்தைக் கோப்பாக எடுத்து, தொலைக்காட்சியோடு இணைத்த சிறு மீடியா பெட்டி வழியே ஓட்டிவிடலாம் என்று எண்ணினேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் கற்றவற்றுள் பாதி, நாம் வகுப்பில் படித்த ஒளியியலே என்பதால் நம் மாணவ நண்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

வட்டின் இயல்பு

டி.வி.டி. வட்டு 1996 நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகள் இரண்டை ஒட்டி அதை ஆக்குகின்றனர். தகவல் சுருள் வடிவான ஒரே தடத்தில், மையத்தில் தொடங்கி விளிம்பு நோக்கிச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி, இசைக் குறுந்தட்டில் 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான், புளூ-ரே வட்டில் 0.32 மைக்ரான். படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளமும் அதே வரிசையில் 780, 650, 405 நானோமீட்டர் எனக் குறைவதைக் கவனிக்க வேண்டும். லென்சு ஒளியை எவ்வளவுதான் குவித்தாலும், விளிம்பு விளைவு காரணமாக ஒரு புள்ளிக்குக் கீழ் அதைச் சுருக்க முடியாது. அப்புள்ளியின் அளவு அலைநீளத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். சிறு அலை, சிறு புள்ளி, நெருக்கமான தடம். சுமார் 700 மெகாபைட்டு கொண்ட வட்டு 4.7 கிகாபைட்டாகி, பின்னர் 25 கிகாபைட்டான கதை இதுதான்.

கடையில் வாங்கும் திரைப்பட வட்டில் குழிகள் அச்சில் வார்க்கப்படுகின்றன. திருமண வட்டு அப்படியன்று. அது எழுதும் வட்டு. அதில் குழிகளுக்குப் பதில் ஒரு சாயப் படலம் உண்டு. லேசர் அச்சாயத்தைச் சுட்டுத் தடம் பதிக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தைக் கெடுக்கும். எங்கள் இரண்டாம் வட்டின் விளிம்பில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புகை படிந்தாற்போல் ஒரு வளையம் தெரிந்தது. தடம் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்வதால், முழுதும் நிரம்பிய வட்டில் விளிம்பு என்பது படத்தின் முடிவு. எங்கள் படத்தின் முடிவு, பெண்ணை வழியனுப்பும் காட்சி. தாத்தா பேசுவது அங்கேதான்.

ஐந்து நிமிடம் இரண்டு மணியாவது எப்படி?

நம் நாட்டு பால் முறையில் டி.வி.டி.யின் ஒரு சட்டத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்குச் சராசரி 12 பிட்டு. நொடிக்கு 25 சட்டம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12.4 கோடி பிட்டு. வட்டின் கொள்ளளவான 4.7 கிகாபைட்டு என்பது 3,760 கோடி பிட்டு. வகுத்துப் பார்த்தால் 302 நொடிதான் வருகிறது. ஐந்து நிமிடப் படத்திற்கு மேல் அதில் கொள்ளாது!

இங்கே கைகொடுப்பது எம்பெக்-2 என்னும் சுருக்கமுறை. மணமேடையைக் கற்பனை செய்து பாருங்கள். பின்னால் கட்டிய வாழைமரம் அசைவதில்லை. அட்சதை தூவும் கைகள்தாம் அசைகின்றன. ஆகவே ஒரு சட்டத்தை முழுமையாகப் பதிந்துவிட்டு, அடுத்து வரும் சட்டங்களில் என்ன மாறிற்று என்பதை மட்டும் பதிந்தால் போதும். பொதுவாகப் பன்னிரண்டு சட்டங்களுக்கு ஒருமுறை ஒரு முழுச் சட்டம் வரும். நொடிக்குச் சராசரி 50 லட்சம் பிட்டு என்று வைத்தால் அதே வட்டில் 7,520 நொடி, அதாவது இரண்டு மணி ஐந்து நிமிடப் படம் அடங்குகிறது. ஆனால் இச்சிக்கனத்திற்கு ஒரு விலையுண்டு. அது பின்னர் வரும்.

நகலெடுத்தல்

வட்டிலுள்ள படத்தைக் கணினிக்கு மாற்றுவதை 'ரிப்' செய்தல் என்கிறார்கள். கிழிப்பது என்று பொருள். எதுவும் கிழிவதில்லை, ஏன் அப்பெயர் வைத்தார்களோ!

வட்டைத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்றொரு உறை. அதனுள் 'வி.ஓ.பி.' என முடியும் கோப்புகள்; ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மிகாது. படமும் ஒலியும் இவற்றில்தான். கூடவே 'ஐ.எஃப்.ஓ.' எனச் சிறு கோப்புகள். எந்தத் துண்டுக்குப் பின் எது, அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்ற விவரம் இவற்றில். 'பி.யு.பி.' என்பவை அவற்றின் மாற்றுப் பிரதிகள். நான் முதல் நாள் பெரிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறியவற்றைக் குப்பை என்று விட்டுவிட்டேன். விளைவு, திருமணம் ஐந்து துண்டாயிற்று. மாங்கல்யதாரணம் நடுவில் அறுந்து, அடுத்த கோப்பைத் தேடித் திறந்தால்தான் மூன்றாம் முடிச்சு!

சரியான வழிகள் மூன்று. வட்டு முழுவதையும் 'ஐ.எஸ்.ஓ.' என்னும் ஒரே பிம்பமாக எடுப்பது முதல் வழி. முகப்புப் பட்டியல் உட்பட எல்லாம் அப்படியே வரும். முதன்மைப் படத்தை மட்டும், சுருக்கத்தைக் கலைக்காமல், 'எம்.கே.வி.' என்ற உறைக்குள் மாற்றுவது இரண்டாம் வழி. இவ்வுறையின் பெயர் மட்ரோஸ்கா. ஒன்றினுள் ஒன்றாய் அடங்கும் ருசிய மரப்பொம்மையின் நினைவாக வைத்தது. படம், பல மொழி ஒலி, எழுத்துரை எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். மூன்றாவது, எச்.264 போன்ற புதிய முறையில் மீண்டும் சுருக்குவது. கோப்பு மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும். ஆனால் ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்குவதால் நுணுக்கம் சற்றேனும் போகும். வட்டுக்கு 4.7 கிகாபைட்டு வீதம் நூறு வட்டுக்கு 470 கிகாபைட்டுதானே? ஒரு டெராபைட்டு ஹார்டு டிஸ்கில் பாதிகூட நிரம்பாது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே பிரதியாக உள்ள படத்தை மறுசுருக்கம் செய்வது என் கருத்தில் வீண் சிக்கனம்.

முதல் வட்டு தடையின்றி வந்தது. இரண்டாம் வட்டு இறுதிக்கு அருகே நின்று, டிரைவ் கரகரவென்று அழுதது. சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே கைவிட்டுவிடும். இதற்கென்றே 'டிடி-ரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் விரைந்து எடுத்து, முரண்டு செய்யும் இடங்களைக் குறித்து வைத்துப் பின்னர் அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும் அது. அக்குறிப்பேட்டைக் கொண்டே வேறொரு டிரைவில் தொடரவும் முடியும். ஒரு டிரைவுக்குத் தெரியாத தடம் இன்னொன்றுக்குத் தெரிவதுண்டு. தெரிந்தவர் வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய மேசைக் கணினியின் டிரைவ், புதிய டிரைவ் விட்டதில் பெரும்பகுதியை மீட்டுத் தந்தது.

சில கட்டங்கள் மட்டும் எதற்கும் மசியவில்லை. டி.வி.டி.யில் பிழைதிருத்தம் 32 கிலோபைட்டு கொண்ட கட்டங்களாக நடக்கிறது. திருத்த இயலாதபோது கட்டம் முழுவதுமே போகும். 32 கிலோபைட்டு என்பது படத்தில் இருபதில் ஒரு நொடிதான். ஆனால் முன்சட்டத்தை நம்பியே பின்சட்டம் இருப்பதால், முழுச் சட்டம் ஒன்று கெட்டால் அடுத்த முழுச் சட்டம் வரும்வரை, அதாவது பன்னிரண்டு சட்டங்கள், ஏறத்தாழ அரை நொடி, படம் கட்டம் கட்டமாகச் சிதறும். நான் சொன்ன விலை இதுவே. ஒலியோ அப்படியன்று. ஏ.சி.-3 ஒலி 32 மில்லிநொடித் துண்டுகளாகப் பதிகிறது. ஒவ்வொரு துண்டும் தன் காலில் நிற்கும். ஆகவே படம் சிதறும் இடத்தில் ஒலி ஒருமுறை விக்கிவிட்டுத் தொடர்ந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் வட்டு வீட்டுப் படம். பூட்டு எதுவும் இல்லை. திரைப்பட வட்டுகளில் பெரும்பாலும் சி.எஸ்.எஸ். என்னும் 40 பிட்டுப் பூட்டு இருக்கும். 1999இல் இப்பூட்டைத் திறக்கும் மென்பொருள் வெளிவந்தபோது உலகமே அமளிப்பட்டது. அதில் பங்குகொண்ட நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. தன் லினக்ஸ் கணினியில் டி.வி.டி. பார்க்க வேண்டும் என்பதே அவர் தரப்பு. வழக்குத் தொடுத்தார்கள், 2003இல் கீழ்நீதிமன்றம், மேல்முறையீட்டு மன்றம் இரண்டுமே அவரை விடுவித்தன.

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறப்பதையே தடை செய்கிறது. பிரிட்டனில் 2014இல் சொந்த உபயோகத்திற்கு நகலெடுக்க அனுமதித்தார்கள். 2015இல் உயர்நீதிமன்றம் அவ்விதியை நீக்கிவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. நோக்கம் என்ற சொல் முக்கியம். 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயனுக்கான நியாயமான கையாளுதலை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் இவ்விரண்டையும் காட்டி, இரவல் வட்டை நகலெடுத்து விடுதி முழுவதும் பென் டிரைவில் பகிரும் நண்பர்கள் தப்பிக்க முடியாது.

பெட்டியும் அதன் முரண்டும்

எங்கள் வீட்டுப் பெட்டி, ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி. 2016இல் வந்த மூன்றாம் வடிவம். அதில் கோடி என்ற இலவச மென்பொருள். நம் கோடியன்று, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, 2014இல் இப்பெயர் பெற்றது. ஐ.எஸ்.ஓ. பிம்பத்தையும் வட்டின் உறையையும் முகப்புப் பட்டியலோடு அப்படியே ஓட்டும். பல தொலைக்காட்சிகளின் சொந்த பிளேயருக்கு அது ஆகாது, எங்களுடையதும் அவ்வகைதான். ராஸ்பெரி பையின் முதல் வடிவம் 2012இல் வந்தபோது எம்பெக்-2 காப்புரிமைக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக, சில்லில் அத்திறமை இருந்தும் அதைப் பூட்டியே விற்றனர், வேண்டியவர் 2.40 பவுன் செலுத்தித் திறந்துகொள்ளலாம். அமெரிக்காவில் அக்காப்புரிமைகளில் கடைசியானது 2018இல் காலாவதியாயிற்று. மூன்றாம் வடிவத்தின் மையச் செயலியே டி.வி.டி. படத்தை விரிக்கப் போதுமான வேகம் உடையதாதலால் எனக்கு அச்சாவி தேவைப்படவில்லை.

முதல் தடை, பென் டிரைவ் கோப்பை ஏற்க மறுத்தது. 32 கிகாபைட்டில் பாதி காலி! ஃபேட்-32 அமைப்பில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பது பிறகே தெரிந்தது. எக்ஸ்-ஃபேட் ஆக மாற்றியதும் சரியாயிற்று. கணினியிலிருந்து வை-ஃபை வழியே அனுப்பிப் பார்த்தபோது, பந்திக் காட்சியில் மட்டும் படம் திக்கிற்று. அசைவு மிகுந்த இடத்தில் பிட்டு மிகுதியாகப் பாயும்; டி.வி.டி.யில் நொடிக்கு ஒரு கோடி பிட்டு வரை செல்லலாம். இரண்டு சுவர் தாண்டி வந்த அலைக்கு அது கனம். ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்த பின் தொல்லை இல்லை.

படம் ஓடியது. பாட்டி முதலில் சொன்னது, "இவரு எப்போ இவ்வளவு சதை போட்டாரு?" என்பதுதான். தாத்தா ஒல்லியான மனிதர். 4:3 விகிதத்தில் எடுத்த படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தொலைக்காட்சியின் அமைப்பில் அந்த இழுவையை நிறுத்தியதும் இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தது, தாத்தாவும் மெலிந்தார். கையசைவுகளின் ஓரத்தில் சீப்பின் பல்போல் கோடுகள் தெரிந்தன. பழைய காமிரா ஒரு சட்டத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை அடுத்த கணத்திலும் பதிவதால் வரும் கோலம் அது. கோடியில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கியதும் மறைந்தது. கோப்பிலேயே அதைத் திருத்த நினைக்காமல், ஓட்டும்போது பெட்டியைச் செய்யவிடுவது நலம், மூலம் பழுதுபடாது.

இறுதிக் காட்சியில் தாத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். மூன்று இடங்களில் அவர் முகம் சிதறிச் சேர்கிறது. குரல் ஒருமுறை விக்குகிறது. சொல் எதுவும் போகவில்லை. அது வட்டின் பழுது என்று நான் விளக்கினேன். பாட்டி, "அவரு அங்கே அழுதாரு தம்பி, அதான்" என்றார்.

பிம்பங்களின் ஒரு பிரதி எங்கள் ஹார்டு டிஸ்கிலும் இன்னொன்று சின்னம்மா வீட்டிலும் இருக்கின்றன. படத்தைப் பாதியில் நிறுத்தினால், மறுமுறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவா, முதலிலிருந்தா என்று கோடி ஆங்கிலத்தில் கேட்கும். பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மேலே இருப்பது தாத்தா, கீழே இருப்பது நாதசுரம் என்று நினைவு வைத்துக்கொண்டிருக்கிறார்.