பின்புறத்தைப் படித்து வாங்குவோம்

நுழையும்முன்

கடைக்காரர் நமக்குக் காட்டுவது பொருளின் முன்புறம். நாம் படிக்க வேண்டியது அதன் பின்புறம். அங்கே என்ன எழுதப்பட்டிருக்கும்? அறிந்துகொள்வோம்.

மாணவர்களே! கோடை விடுமுறையில் உங்களுள் பலர் தாதரில் தொடர்வண்டி ஏறித் திருநெல்வேலிக்குச் செல்கிறீர்கள். ஒரு நாளுக்கு மேல் நீளும் அப்பயணத்தில் கைப்பேசியின் மின்னாற்றல் தீர்ந்துவிடும். அதற்காகவே 'பவர் பேங்க்' எனப்படும் மின்சேமிப்பானை வாங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் நடைபாதைக் கடையொன்றில் ஒன்றை வாங்கினேன். '20000' எனப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. விலையோ மிகக் குறைவு. ஊருக்குச் செல்லும் வழியில் ஒருமுறைகூடக் கைப்பேசியை முழுமையாக நிரப்பாமல் அது ஓய்ந்தது. மருத்துவமனையில் இருந்த என் தாயாரின் நிலையை அறிய வழியின்றி அவ்விரவு முழுவதும் தவித்தேன். குற்றம் விற்றவருடையது மட்டுமன்று. படிக்கத் தெரிந்தும் படிக்காமல் வாங்கிய என்னுடையதும்தான்.

மும்பையில் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது கிராண்ட் ரோடு நிலையத்திற்கு அருகிலுள்ள லேமிங்டன் சாலை. தாராவி மாணவர்கள் மாகிமில் மின்தொடர்வண்டி ஏறி அங்குச் செல்லலாம். அங்கு வாங்கினாலும், வேறெங்கு வாங்கினாலும் மூன்றனைக் கவனியுங்கள்.

முதலாவது, கொள்ளளவு. 10000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் அளவு. அம்மின்கலத்தின் அழுத்தம் பெரும்பாலும் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 37 வாட் மணி கிடைக்கும். வெளிவரும் மின்சாரமோ 5 வோல்ட். எனவே 37ஐ 5 ஆல் வகுக்க, 7400 மில்லி ஆம்பியர் மணியே வரும். வெப்பமாகச் சிறிது வீணாவதால் கைக்குக் கிட்டுவது அதனினும் குறைவு. இது ஏமாற்று அன்று, இயற்பியல். நேர்மையான தயாரிப்பாளர் இக்குறைந்த அளவையும் பின்புறத்தில் அச்சிடுவார். விமானத்தில் செல்வோர்க்கும் இக்கணக்கு உதவும். 100 வாட் மணி வரை உள்ளதைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். சரக்குப் பெட்டியில் வைத்தல் கூடாது.

இரண்டாவது, பதிவு எண். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருத்தல் வேண்டும். முத்திரையை எவரும் அச்சிடலாம். ஆகவே, 'பிஐஎஸ் கேர்' செயலியில் அவ்வெண்ணை இட்டுச் சரிபாருங்கள்.

மூன்றாவது, பற்றுச்சீட்டு. "கச்சா பில் போதுமா?" என்று கடைக்காரர் கேட்பார். "பக்கா பில் கொடுங்கள்" என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். பொருள் பழுதானால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட அச்சீட்டே சான்று.

பின்புறத்தில் மற்றுமொரு படம் உண்டு: குறுக்கே கோடிட்ட குப்பைத்தொட்டி. மின்கலத்தைக் குப்பையில் எறியாதீர் என்பது அதன் பொருள். உப்பிய லித்தியம் மின்கலம் துளைபட்டால் தீப்பற்றும். மும்பையின் பழம்பொருள்களைத் தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் வெறுங்கையால் பிரிப்போர் பலர். அவர்கள் நம் அண்டை வீட்டார், சிலர்க்குப் பெற்றோர். ஆராயாமல் வாங்கி எறியும் பொருள் இறுதியில் அவர்தம் கைகளையே சேரும். பழைய மின்கலத்தை மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

சொல்லும் பொருளும்

கொள்ளளவு – உள்ளடங்கும் அளவு
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சீட்டு
சான்று – ஆதாரம்
அவர்தம் – அவர்களுடைய

மதிப்பீடு

1. 20000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் உடைய மின்சேமிப்பான் எத்தனை வாட் மணி? அதனை விமானக் கைப்பையில் எடுத்துச் செல்லலாமா?
2. முத்திரையைக் கண்டால் மட்டும் போதாது. ஏன்?
3. 'பக்கா பில்' கேட்கும் மாணவருக்கும் கடைக்காரருக்கும் இடையே நிகழும் உரையாடலை ஆறு வரிகளில் தமிழில் எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள மின்னேற்றியின் பின்புறத்தைப் படித்து, அதன் பொருளைப் பெற்றோர்க்குத் தமிழில் விளக்குக.