பழுதுற்ற பல்லைச் செப்பனிடும் முறைகள்

மனித உடம்பில் ஒடிந்த எலும்பு மீண்டும் கூடுகின்றது. கீறுண்ட தோல் தழும்பிட்டு ஆறுகின்றது. களைந்த நகமும் மயிரும் மறுபடி வளர்கின்றன. ஆனால் பல்லின் மேற்பரப்பில் ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அக்குழி தானாகத் தூர்வதில்லை. இவ்வோர் உண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டால், தந்த வைத்தியத்தில் இன்று வழங்கும் சிகிச்சைகள் எவ்வாறு எழுந்தன, அவற்றை எப்பொழுது நாடவேண்டும் என்பன எளிதில் விளங்கும். சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் மனத்திற்கொண்டு அவ்விஷயத்தை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

பல்லின் அமைப்பு

பல் மூன்று அடுக்குகளாலானது. வெளியே வெண்மையாய்த் தோன்றுவது எனாமல். நம் உடம்பிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே; இதன் நிறையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். இதற்கு அடுத்து உள்ளே இருப்பது தந்தினி. இஃது எனாமலினும் மென்மையானது. இவற்றின் நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ் உள்ளது. எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் ஈற்றினின்று வெளிப்படும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. ஆகவேதான் அழிந்த எனாமலை உடம்பு மறுபடியும் படைத்துக்கொள்ள இயலுவதில்லை.

சொத்தை உண்டாகும் விதம்

சொத்தைப் பல்லில் புழு இருக்கின்றதென்றும், கண்டங்கத்திரி விதையின் புகை பிடித்தால் அப்புழு உதிருமென்றும் நம் நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாக நம்பிவந்தனர். உண்மையில் பல்லை அரிப்பது புழுவன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்கிருமிகள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள தாதுக்களைக் கரைக்கின்றது. உமிழ்நீர் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கின்றது. உணவுக்கும் உணவுக்கும் இடையே அடிக்கடி இனிப்புத் தின்பவருக்கு இவ்வவகாசம் கிடைப்பதில்லை. ஆதலின் எவ்வளவு சர்க்கரை உண்டோம் என்பதோடு எத்தனை முறை உண்டோம் என்பதும் கவனிக்கத்தக்கது.

சொத்தை எனாமலளவில் நிற்கும்வரை வலி இராது. தந்தினியை எட்டியபின் குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூச்சம் தோன்றும். பற்கூழை எட்டியபோதே உறக்கம் கெடுக்கும் வலி உண்டாகின்றது. வலி வந்தபின் வைத்தியரை நாடுவோம் என்றிருப்பவர், வீடு பற்றி எரிந்தபின் கிணறு வெட்டுபவரையே ஒப்பர்.

பல்லை அடைத்தல்

சிறு குழியாயின், பழுதான பகுதியை நீக்கி வேறொரு பொருளால் அடைப்பதே சிகிச்சை. முற்காலத்தில் இதற்குக் காலால் மிதித்துச் சுழற்றும் கருவி ஒன்று வழங்கிற்று. அமெரிக்கராகிய மாரிசன் 1871-இல் அதனை வெளிப்படுத்தினார். 1957-இல் காற்றின் விசையால் நிமிஷத்திற்கு 3,00,000 சுற்றுக்கும் மேலாகச் சுழலும் கருவி வழக்கிற்கு வந்தது. நீர் தெளித்துக் குளிர்வித்துக்கொண்டே இது வேலை செய்கின்றது. 1943-இல் சுவீடன் தேசத்தில் ஆக்கப்பெற்ற லிக்னோகெய்ன் என்னும் மரப்பூசி மருந்தினால் வலியும் பெரும்பாலும் நீங்கிற்று.

அடைக்கும் பொருள்களுள் பழமையானது ரசக்கலவை. வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தோடு பிசைந்து ஆக்குவது இது. நெடுநாள் உழைக்கவல்லதெனினும், பாதரசக் கழிவு சுற்றுப்புறத்தைக் கெடுத்தலால், 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைப்படி உலக நாடுகள் இதன் உபயோகத்தைக் குறைத்து வருகின்றன.

இன்று பெரிதும் வழங்குவது பல்லின் நிறமேயுடைய பிசின் கலவை. 1955-இல் அமெரிக்கராகிய புவனகோர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் அதனைப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். நீலவொளியைப் பாய்ச்சியதும் இக்கலவை சில விநாடிகளில் இறுகிவிடும். ஒட்டும் தன்மை உண்டாதலால், நல்ல பல்லை மிகுதியாகக் குடைய வேண்டுவதில்லை.

மூன்றாவது கண்ணாடி அயனோமர். 1972-இல் இங்கிலாந்தில் வில்சன், கெண்ட் என்போர் வெளியிட்ட இப்பொருள் பல்லோடு தானே ஒட்டுவதுடன் புளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. 1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில், மின்சாரமும் சுழல்கருவியும் இல்லாத இடங்களில், சொத்தையைக் கைக்கருவியால் மட்டும் சுரண்டி இதனால் அடைக்கும் முறை தொடங்கிற்று. பள்ளிக்கூடத் திண்ணையிலும் செய்யத்தக்க இம்முறையால் எய்தும் நன்மையை நம் கிராமங்களுக்கு வேறு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வேர்ச் சிகிச்சையும் உறையும்

கிருமி பற்கூழை எட்டிவிட்டால் அடைத்தல் மட்டும் போதாது. அந்நிலையிலும் பல்லைப் பிடுங்கியே தீரவேண்டுமென்பதில்லை. அழுகிய கூழை நீக்கி, வேரின் உட்குழாய்களை மெல்லிய அரங்களால் தூய்மைப்படுத்தி, மருந்திட்டு, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் நிரப்புவதே வேர்ச் சிகிச்சை. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிர்ப் படமே இச்சிகிச்சைக்குக் கண் போன்றது. பெரிதும் குடையப்பட்ட பல் எளிதில் பிளவுறுமாதலால், கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை போடுவது வழக்கம். முன்னர் அச்சு எடுத்து உலோகத்தில் வார்த்தனர். இப்பொழுது வாயையே ஒளிக்கருவியால் படமெடுத்து, கணினியில் வரைந்து, சிர்க்கோனியா என்னும் வெண்பொருளில் எந்திரங்கொண்டு கடைந்தெடுக்கின்றனர்.

இழந்த பல்லுக்கு மாற்று

பல் விழுந்தபின் கழற்றி மாட்டும் பற்செட்டு, இருமருங்கிலுமுள்ள பற்களைத் தாங்கலாகக் கொண்ட பற்பாலம், எலும்பிலேயே பதிக்கும் செயற்கை வேர் என மூவகை மாற்றுக்கள் உள. சுவீடன் தேசத்துப் பிரானெமார்க், டைட்டானியம் என்னும் உலோகத்தோடு எலும்பு இறுகப் பிணைதலை ஆராய்ச்சியிற் கண்டு, 1965-இல் முதன்முதல் ஒரு மனிதருக்குச் செயற்கை வேர் பதித்தார். ஒன்று கவனிக்க. அடைத்தலினின்று வேர்ச் சிகிச்சைக்கும், அதனின்று செயற்கை வேருக்கும் செல்லச் செல்ல, செலவும் காலமும் துன்பமும் பன்மடங்காகப் பெருகுகின்றன. காலந்தாழ்த்தியதற்கு நாம் செலுத்தும் வட்டி அது.

நம் ஊரார் செய்யற்பாலது

நிற்க. அண்ணாமலை நகரில் 1980-ஆம் ஆண்டில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த அஃது 2021-இல் தமிழ்நாட்டரசின் சுகாதாரத்துறையின் பொறுப்பிற்கு வந்தது. கீரப்பாளையத்தினின்று சிதம்பரம் சிறிது நேரப் பஸ் பயணமே. மேலே கூறிய சிகிச்சைகளைக் கற்பிக்கும் இடம் அண்மையில் இருக்க, ஊரார் பலர் வலி பொறுக்கவியலாத நாளிலேயே, பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு செல்வதைக் காண்கின்றோம். நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலியாட்களுக்கு ஒரு நாட் கூலியை இழத்தல் சிறிய காரியமன்று. எனினும் குழி சிறிதாயிருக்கும்போது ஒரு நாள் செலவிட மறுத்தவர், பின்னர்ப் பல நாளை இழப்பதோடு பல்லையும் இழக்கின்றார்.

இதற்கு அறியாமையும் துணைசெய்கின்றது. மேல்வாய்ப் பல்லைத் தொட்டால் கண்பார்வை கெடும் என்பது அவற்றுள் ஒன்று. கண்ணொளியைத் தாங்கும் நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. பல் விழும் வயதும் பார்வை மங்கும் வயதும் ஒத்திருத்தலே இவ்வச்சத்திற்கு வித்தாயிருக்கலாம். பாற்பல் விழப்போவதுதானே என்று அதன் சொத்தையைப் பொருட்படுத்தாமை மற்றொன்று. பாற்பல்லே அடுத்து வரும் பல்லுக்கு இடம் காத்து வைப்பது. அன்றியும், ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால், எப்பல்லும் விழாமலே, நிலையான கடைவாய்ப் பல் முளைக்கின்றது. பெற்றோர் இதனையும் பாற்பல்லென்று எண்ணி வாளாவிருப்பர். வாழ்நாள் முழுதும் உழைக்கவேண்டிய பல் இவ்வாறு பள்ளிப் பருவத்திலேயே பாழாகின்றது. முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால், கிராம்புத் தைலத்தோடும் புகையிலையோடும் நில்லாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பல்லின் சீழ் கழுத்துவரை பரவி மூச்சையும் அடைக்கக்கூடும்.

வருமுன் காத்தலே தலையாயது. செங்கற்பொடியும் கரித்தூளும் எனாமலைத் தேய்ப்பன. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வைத்துத் தேய்க்கும் பழக்கம் முன்னோரின் தூய்மை விருப்பைக் காட்டுகின்றது. அவ்விருப்பை விடாது, காலையிலும் இரவு உறங்குமுன்னும் மெல்லிய தூரிகையால் புளோரைடு கலந்த பசை கொண்டு துலக்குதல் நன்று. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசையே போதும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் இளைய தம்பி தங்கையரின் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். வலியில்லாத கரும்புள்ளி ஒன்று தென்படுமாயின், அவர்களை அழைத்துச் செல்லவேண்டிய காலம் அதுவே. பல் போனால் சொல் போச்சு என்றனர் நம் பெரியோர். பல் போகாமற் காக்கும் வழி இன்று நம் அருகிலேயே இருக்கின்றது.