பட்டை மாட்டினால் மட்டும் போதுமா? சேற்றில் ஓடும் வண்டியின் சங்கிலிக் கணக்கு

மிதிவண்டியில் மேடு ஏறும்போது என்ன செய்வீர்கள்? கியரை மாற்றுவீர்கள். மிதிப்பது எளிதாகும், ஆனால் வேகம் குறையும். இந்தச் சிறிய அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கப் போகும் வண்டிக்கும் அதே விதிதான்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1967 முதல் 'ஆர்கோ' என்னும் வண்டிகள் தயாராகின்றன. ஆறு அல்லது எட்டுச் சக்கரங்கள். படகைப் போன்ற உடல். நிலத்தில் ஓடும், நீரில் மிதக்கும். நீரில் இறங்கினால் சுழலும் டயர்களே துடுப்பாகி, வண்டியை ஏறக்குறைய நடை வேகத்தில் தள்ளும். சாலை இல்லாத சதுப்பு நிலங்களிலும் பனிப் பகுதிகளிலும் மீட்புப் பணியாளர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் இவ்வகை வண்டிகள் பயன்படுகின்றன.

பட்டை ஏன்?

ஆழமான சேற்றிலும் பனியிலும் டயர் மட்டும் போதாது. எனவே ஒவ்வொரு பக்கத்து டயர்களையும் சுற்றி ஓர் அகன்ற பட்டையை மாட்டுகிறார்கள். கட்டுமான இடத்தில் மண்வாரி இயந்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே அமைப்புதான்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. எடுத்துக்காட்டாக, ஆட்களும் சுமையும் சேர்ந்து 800 கிலோகிராம் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டையும் 40 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளத்துக்குத் தரையைத் தொடுகிறது. இரண்டு பட்டைகளும் சேர்ந்து 16,000 சதுர செ.மீ. ஆகவே ஒரு சதுர செ.மீ. பரப்பில் 0.05 கிலோகிராம் எடைதான் அழுத்துகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், மொத்தம் 300 சதுர செ.மீ. பாதங்களில் நின்றால் 0.2 கிலோகிராம். அதாவது மனிதன் புதையும் சேற்றில் வண்டி புதையாமல் போகலாம்!

பட்டைக்கு ஒரு விலை உண்டு

பட்டை கனமானது. சக்கரத்துக்குச் சக்கரம் வளைந்து வளைந்து சுற்ற வேண்டும். அந்த வளைவிலும் உராய்விலும் சக்தி வீணாகிறது. திரும்பும்போது நிலைமை இன்னும் கடினம். இந்த வண்டியின் முன்சக்கரங்கள் காரைப் போல் திரும்புவதில்லை. ஒரு பக்கத்துக்குப் பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் மெதுவாகும், மறுபக்கம் தொடர்ந்து ஓடும், வண்டி திரும்பும். அப்போது நீண்ட பட்டை முழுவதும் தரையைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு நகர வேண்டும். எனவே அச்சுகளுக்கு அதிக முறுக்குவிசை தேவை.

இயந்திரத்தின் சக்தி கியர்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சங்கிலிகள் வழியாக ஒவ்வோர் அச்சுக்கும் போகிறது. கியர்பெட்டிப் பக்கத்துப் பற்சக்கரத்தில் 12 பற்கள், அச்சின் பற்சக்கரத்தில் 36 பற்கள் என்று கொள்வோம். விகிதம் 36 ÷ 12 = 3. இதை 4 ஆக்கினால் அச்சில் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் மணிக்கு 32 கி.மீ. ஓடிய வண்டி இனி 24 கி.மீ. தான் ஓடும். விசை கூடினால் வேகம் குறையும். சக்தி இலவசமாகக் கிடைக்காது.

விகிதத்தை 4 ஆக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 12 பல்லை 9 பல்லாகக் குறைப்பது. மற்றொன்று, 36 பல்லை 48 ஆகக் கூட்டுவது. கணக்கில் இரண்டும் ஒன்றே. சங்கிலிக்கு அப்படி அல்ல. சிறிய பற்சக்கரத்தில் சங்கிலி கூர்மையாக வளைவதால் விரைவில் தேயும். பெரிய அச்சுப் பற்சக்கரமோ, நெம்புகோலின் நீளத்தைக் கூட்டுவதைப் போன்றது. அதே முறுக்குவிசையைக் குறைந்த இழுப்பில் தரும். ஆனால் வண்டிக்குள் அதற்கு இடம் வேண்டும். எந்த வழியானாலும் எல்லா அச்சுகளுக்கும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஏன் தெரியுமா?

ஒரு சென்டிமீட்டர் செய்யும் கேடு

ஒரு பக்கத்து அச்சுகள் எல்லாம் சங்கிலியால் இணைந்து, ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வெளியே அதே சக்கரங்களை ஒரே பட்டை பிணைத்திருக்கிறது. இப்போது முன்டயரின் ஆரம் 30 செ.மீ., பின்டயரின் ஆரம் 29 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 2πr. ஒரு சுற்றுக்கு முன்டயர் ஏறக்குறைய 6.3 செ.மீ. அதிகம் உருள முயல்கிறது. நூறு சுற்றில் அது 6.3 மீட்டர்!

பட்டை நடுவில் நீள முடியாது. ஆகவே ஏதோ ஒரு டயர் பட்டைக்குள் வழுக்க வேண்டும். வழுக்க முடியாவிட்டால் சங்கிலிகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இயந்திரம் தன்னோடு தானே சண்டை போடுகிறது. டயர் தேயும், சங்கிலி நீளும், கடைசியில் அறுந்தும் போகலாம். நீர் சூழ்ந்த சதுப்பின் நடுவே, குளிரில், சங்கிலி அறுந்தால் மீட்கப் போனவர்களையே வேறொருவர் மீட்க வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்கும் கருவி என்ன? ஓர் அளவுநாடா! இவ்வண்டியின் டயர்களில் காரின் டயரை விடக் காற்றழுத்தம் மிகக் குறைவு. சிறிது காற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் சுற்றளவு மாறும். எனவே பட்டை மாட்டும் முன் ஒவ்வொரு டயரையும் நாடாவால் சுற்றி அளந்து, காற்றைச் சரிசெய்து, ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசிச் சோதனை

பற்சக்கரத்தை மாற்றினால் சங்கிலியின் தொய்வும் மாறும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைச் சோதிக்க வேண்டும். அதிகம் தொய்ந்தால் சங்கிலி பல்லைத் தாண்டிக் குதிக்கும். அதிகம் இறுகினால் அச்சைத் தாங்கும் பேரிங்குகள் தேயும். பட்டைக்கும் இதே விதிதான். தொய்ந்தால் கழன்றுவிடும், இறுகினால் சக்தி வீணாகும். ஓட்டும்போது குறைந்த கியரில், அகலமாகத் திரும்புவது நல்லது.

ஆக, மாணவர்களே, ஒரு பொறியில் ஒரு பகுதியை மாற்றினால் அதோடு இணைந்த எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். பட்டை மாட்டுவது ஒரு நாள் வேலை. அது அறுக்காமல் ஓடுவது கணக்கின் வேலை.

முயன்று பாருங்கள்: ஒரு வண்டியில் பற்களின் எண்ணிக்கை 10, 35. அதன் உச்ச வேகம் மணிக்கு 28 கி.மீ. அச்சின் பற்சக்கரத்தை 40 பல்லாக மாற்றினால் புதிய வேகம் என்ன? (விடை: மணிக்கு 24.5 கி.மீ.)