பயிற்சி ஒருவர், பாதுகாப்பு இன்னொருவரா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் பயிற்சியை மனிதவளத் துறையும், விபத்துத் தடுப்பைப் பாதுகாப்பு அலுவலரும் தனித்தனியே கவனிக்கிறார்கள். இரண்டையும் இணைப்பது அவசியமா?

பதில்: அவசியம்தான். உலோகத் தகட்டை அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தையே பாருங்கள். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் மேல்பகுதி இறங்கும். இலக்கு நெருக்கும்போது ஒரு பொத்தானை டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். ஒரு கை டை எனும் அச்சுக்குள் போகிறது. பாதுகாப்பு அலுவலர் டேப்பைக் கிழித்துவிட்டுப் போகிறார். அந்தத் தகவல் பயிற்சி அறைக்கு எட்டாததால், அடுத்து வரும் புதியவர்களுக்கும் பழைய பாடமே நடக்கிறது. மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒவ்வொன்றும் அடுத்த வகுப்பின் பாடமாக வேண்டும். போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியவர்கள் பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதினார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் சில மாதங்களில் போய்விடுவார்கள், பயிற்சி வீண் என்பார்கள். உண்மை நேர்மாறானது. கனடாவின் ஒன்டாரியோ மாகாண இழப்பீட்டு விவரங்களை ஆராய்ந்தபோது, வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் காயமடையும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் பணியாற்றியவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. ஆட்கள் அடிக்கடி மாறும் ஆலைக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை. இன்னொரு அச்சம் நியாயமானது: கையெழுத்து வாங்கிவிட்டு, விபத்து நடந்ததும் 'சொல்லித்தந்தோமே' என்று தொழிலாளி மீதே பழி போடுவது. அதனால் பயிற்சி, பாதுகாப்பு இரண்டுக்கும் பொறுப்பேற்பவருக்கு இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுங்கள். இலக்கைக் குறைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும்.